ஏசுராஜ் வண்டியின் முன்சீட்டு

திருப்பத்தூர் ஜீப் ஸ்டாண்டில் ஏசுராஜின் வண்டியைக் கண்டுபிடிக்க நம்பர் பார்க்க வேண்டியதில்லை. முன்சீட்டில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருக்கும். குழந்தை இருந்தால் ஜனங்கள் ஏறுவார்கள். இல்லையென்றால் அடுத்த வண்டி வரட்டும் என்று வெயிலில் நிற்பார்கள். மலைமேல் புதூர்நாட்டுக்குப் போகிறவர்கள், அங்கே இறங்கி நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் நடக்கிறவர்கள், கீழே சந்தையில் புளியை விற்றுவிட்டு எண்ணெய் டின்னோடு திரும்புகிறவர்கள், எல்லோருக்கும் இது தெரியும்.

"சொந்தப் பொண்ண வெச்சிகினு ஓட்டுறான். பாத்துதான ஓட்டுவான்?"

இதுதான் அவர்கள் வைத்திருக்கும் உத்தரவாதம். பிரேக் பிடிக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா, ஓட்டுகிறவன் வாயில் என்ன நாற்றம் என்று எவரும் பார்ப்பதில்லை. குழந்தை இருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பார்ப்பார்கள்.

ஏசுராஜ் என் அப்பா. அந்தக் குழந்தை என் தங்கை ரெபேக்கா, ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு முன்னால் அதே சீட்டில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தது நான். கல்லூரியில் இடம் கிடைத்து ஹாஸ்டலுக்குப் போனேன், சீட்டு காலியானது, அவளை ஏற்றினார்கள். இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு கதை படிக்கலாம். நான் இறங்கியது சரி. அவளை ஏற்றியதுதான் தப்பு. ஏற்றியது நான் இல்லை.

ஏற்றியது அம்மா. "புள்ளய கூட வுட்டா குடிக்கமாட்டாரு" என்பது ஞானமேரியின் நம்பிக்கை. அவள் மட்டுமல்ல, மலையடிவாரத்தில் எங்கள் ஊர் டிரைவர் பெண்டாட்டிகள் பாதிப் பேருக்கு இதே நம்பிக்கைதான். குடிக்கிற புருஷனுக்குக் காவலாக ஒரு பிள்ளை. போலீஸ்காரர் செய்ய வேண்டியதையும் டாக்டர் செய்ய வேண்டியதையும் ரெட்டை ஜடை போட்ட ஒரு பிள்ளை செய்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஏசுராஜ் குடியை நிறுத்தவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடிக்கப் பழகிக்கொண்டார், அவ்வளவுதான். அம்மா இப்போது கேரளாவில், பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அவருக்கு வேளாவேளைக்கு ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, வீடியோ காலில் வந்து எங்களைப் பார்த்து "சாப்டீங்களா?" என்பாள்.

இவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை. நான் வேதியியல் படித்துவிட்டுத் திருப்பத்தூரில் மருந்து மொத்தக் கடை ஒன்றில் பில் போடுகிறேன். காலையில் ரெபேக்காவின் டீச்சர் போன் செய்தார்.

"மெர்சிலின், ரெபேக்கா பரீட்சைக்கு வரலியேமா. ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

உடம்பு சரியில்லாதது யாருக்கு என்று எனக்குத் தெரியும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நேராக ஜீப் ஸ்டாண்டுக்கு நடந்தேன். இப்போது நான் தங்கியிருக்கும் பெண்கள் ஹாஸ்டல் வார்டனிடம் ஏற்கெனவே பேசியிருந்தேன். லீவு முடியும்வரை தங்கை என் அறையில் இருக்கலாம், பிறகு இங்கேயே ஆறாம் வகுப்பில் சேர்த்துவிடலாம். அவளை அந்த சீட்டிலிருந்து இறக்குவது மட்டும்தான் பாக்கி. போன வருடம் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் புகார்கூடச் சொல்லிப் பார்த்தேன். விசாரிக்க வந்த அதிகாரி பொறுமையானவர்தான். ரெபேக்காவைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். "எங்கப்பா குடிக்கமாட்டாரு மிஸ், அக்காவுக்கு அப்பாவப் புடிக்காது" என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அத்தனை சுத்தமான பொய்யை நான் கல்லூரியில்கூடக் கேட்டதில்லை.

இத்தனைக்கும் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள், இந்தத் தவக்காலம் முழுக்க, ஏசுராஜ் பாட்டிலைத் தொடவில்லை. ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். சாம்பல் புதன் வந்தால் நிறுத்திவிடுவார், ஊரே மெச்சும். இந்த வருடம் பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் சீடர்களாக உட்காரும் பன்னிரண்டு பேரில் ஒருவராக அவரை உட்காரவைத்தார்கள். ஃபாதர் குனிந்து தண்ணீர் ஊற்றித் துடைத்து அந்தக் காலில் முத்தம் கொடுத்தார். பின்னாலிருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "மாறிட்டான் பாத்தியா." எனக்கு அந்தக் கால் பிரேக்கில் இருக்க வேண்டிய கால் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. ஈஸ்டர் பூசை முடிந்து வீட்டில் கறி வேகுமுன் பாட்டில் திறந்தாயிற்று.

வண்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது. ரெபேக்கா பள்ளிச் சீருடையில் இருந்தாள். பள்ளிக்கென்று கிளம்பி ஜீப்பில் ஏறியிருக்கிறாள். மடியில் பென்சில் டப்பா.

"எறங்கு," என்றேன்.

"மாட்டேன்."

"இன்னைக்கி பரீச்ச."

"தெரியும். அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல."

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இன்னொரு கையால் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டாண்டில் ஆள் கூப்பிட்டு ஏற்றும் பாண்டுரங்கன் ஓடிவந்தார்.

"இன்னா மெர்சி, போணியாவுற நேரத்துல பேஜார் பண்ற? குந்தியிருக்கற கொழந்தய இன்னாத்துக்கு இஸ்துகினு கீற?"

"அதுக்கு இன்னைக்கி பரீச்சண்ணே."

"அஞ்சாவதுதான? அஞ்சாவதுல எவன் பெயிலாக்குறான்? நீ கூடத்தான் காலேஜு வரைக்கும் எழுதுன. இன்னா ஆச்சி? மாத்திர டப்பாவுக்கு பில்லு போடுற."

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாண்டுரங்கன் அதை ரசித்து வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

ஏசுராஜ் வந்தார். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை. கிராம்பு வாசனை முதலில் வந்தது, மனிதர் பிறகு வந்தார்.

"வாங்க பட்டதாரி. மலைக்கு காத்து வாங்க வந்தீங்களா?"

"அவள எறக்கு."

"நானா புடிச்சி ஏத்துனேன்? அவளையே கேளு. வூட்டாண்டயே, நான் வர்றேன்ப்பான்னு ஓடியாந்து குந்திகிச்சி. இன்னா பாப்பா?"

ரெபேக்கா தலையாட்டினாள். அவர் கண்களின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. விரல்கள் சாவியை ஒருமுறை தவறவிட்டு மறுமுறை பிடித்தன. அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளை கேள்வித்தாளைப் பார்ப்பதுபோல.

அம்மாவுக்கு போன் போட்டேன். ஏன் போட்டேனோ. மூச்சு வாங்கப் பேசினாள், பெரியவரைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாளாம்.

"அவளும் எறங்கிட்டா அவரு வண்டிய எங்கனா பள்ளத்துல வுட்டுடுவாரும்மா. கொஞ்சம் பொறுத்துக்கயேன். ஒண்ணு பண்ணு, நீயும் கூட போய்ட்டு வா. ரெண்டு பேரும் இருந்தா இன்னும் நல்லது."

போனை வைத்துவிட்டேன். பிறகு பின்பக்கமாகப் போய் வண்டியில் ஏறினேன். அம்மா சொன்னதற்காக இல்லை. கீழே இத்தனை பேர் சிரிக்கும்போது அவளை இறக்க முடியாது. மலைப்பாதையில் பாதி தூரத்தில் டீக்கடை இருக்கிறது. எல்லா ஜீப்பும் அங்கே நிற்கும். ஏசுராஜ் அந்தக் கடைக்குப் பின்னால் போகாமல் இருந்ததில்லை. அங்கே இறக்குவது என்று முடிவு செய்துகொண்டேன்.

முன்சீட்டுக்கு நேர் பின்னால், ஒரு அரிசி மூட்டைக்கும் ரத்தினம்மாள் என்ற பெண்ணுக்கும் நடுவில் எனக்கு இடம் கிடைத்தது. புதூர்நாட்டுப் பக்கம் நிலம் வைத்திருப்பவள். மாட்டுக்குத் தவிடு வாங்கிக்கொண்டு போகிறாள். முன்னால், ரெபேக்காவுக்கு அந்தப் பக்கம், கோவிந்தன் என்பவர் எண்ணெய் டின்னைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுவில் கியருக்கு முட்டியை ஒதுக்கி ரெபேக்கா. கண்ணாடியில் ஜெபமாலை ஆடியது.

சமவெளி முடிந்து மலை ஏற ஆரம்பித்ததும் அவள் வேலையைத் தொடங்கினாள்.

வேலை என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு வளைவுக்கும் சற்று முன்னால், "எடப்பக்கம்... ஹாரன்..." என்பாள். ஏசுராஜின் உள்ளங்கை ஹாரனை அழுத்தும். "வலப்பக்கம்... மொத கியரு... ஹாரன்..." அவர் கியரைத் தேடி மாற்றுவார். குரலை உயர்த்தமாட்டாள். இழுத்து இழுத்து ராகமாகச் சொல்வாள். சாதாரணமாகச் சொன்னால் பின்னால் இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். பாட்டு மாதிரிச் சொன்னால் புரியாது. அந்த ராகம் நான் போட்டது. கைக்குழந்தையாக என் மடியில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறாள்.

"பாரேன், பாப்பா பாடிகினே வருது," என்றாள் ரத்தினம்மாள். "அப்பன் கூட வந்தா அதுக்கு அவ்ளோ சந்தோசம்."

"அது பாட்டு இல்லக்கா."

"பின்ன இன்னாவாம்?"

"அவருக்கு ரோடு தெரியல. இவ சொல்லிகினு வர்றா."

ரத்தினம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பெத்த அப்பன இப்டி பேசுற. காலேஜுல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"உங்க புள்ளய அந்த எடத்துல குந்த வெப்பீங்களா?"

"எம் புள்ளய பத்தி நீ பேசாத."

முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெபேக்கா பென்சில் டப்பாவைத் திறந்தாள். உள்ளே பென்சில் ஒன்றுகூட இல்லை. கிராம்பு, சீரக மிட்டாய், நனைத்து மடித்த ஒரு துணி. துணியை எடுத்து ஏசுராஜின் பிடரியில் வைத்தாள். தாய் பிள்ளைக்குச் செய்வதுபோல என்று எழுதலாம், ஆனால் எங்கள் வீட்டில் தாய் பிள்ளைக்கு அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவர் தாடை சரிந்தது. முழங்கைக்கு உட்புறம் தோலைப் பிடித்துத் திருகினாள். அவர் நிமிர்ந்தார்.

கோவிந்தன் வெளியே பலாமரங்களில் காய்ப்பு எப்படி என்று பார்த்துக்கொண்டு வந்தார்.

தடுப்புச்சுவர் இடிந்திருந்த ஒரு வளைவு வந்தது. "வலப்பக்கம், ஹாரன்," என்றாள் ரெபேக்கா. ஹாரன் கேட்கவில்லை. "வலப்பக்கம்ப்பா." வண்டி நேராகப் போனது. எதிரில் ரோடு இல்லை, வானம் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வலது கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினாள். பின்சக்கரம் ஜல்லியில் வழுக்கி ரோட்டுக்கு வந்தது. மூட்டைகள் எங்கள் மேல் சாய்ந்தன.

"பாத்து ஓட்டு ஏசு!" என்று யாரோ கத்தினார்கள். "கல்லு கெடந்துச்சி," என்றார் ஏசுராஜ். எல்லோரும் சேலையையும் பையையும் சரிசெய்துகொண்டார்கள். ரெபேக்கா கையை மடிக்குள் இழுத்துக்கொண்டு, அடுத்த வளைவைச் சொன்னாள்.

அவள் குரல் நடுங்கவில்லை. அந்த வேகத்தில் எப்போது எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்திருந்தால், இது முதல் தடவை இல்லை.

டீக்கடையில் வண்டி நின்றது. சாவியை அதிலேயே விட்டுவிட்டு ஏசுராஜ் கடைக்குப் பின்னால் போனார். ஜனங்கள் இறங்கி டீ சொன்னார்கள். ரெபேக்கா இறங்கவில்லை. நான் முன்பக்கம் போய் முதலில் சாவியை உருவினேன். பிறகு அவள் இடுப்பைப் பிடித்தேன்.

"வுடுக்கா."

"எறங்கு. கீழ போற பஸ்ஸு வரும். நம்ம ரெண்டு பேரும் போறோம்."

"நீ போ. உனக்கு எறங்கத்தான தெரியும்? நீ எறங்குன, அதனாலதான நான் ஏறுனேன்?"

"இப்ப நீயும் எறங்கு. வேற யாரும் ஏறவேணாம்."

"அப்பா செத்துடுவாரு!"

"செத்தா அவரு குடிச்சி சாவுறாரு. உன்னால இல்ல."

என் மணிக்கட்டைக் கடித்தாள். விளையாட்டுக் கடி இல்லை, பல் இறங்கியது. விடவில்லை. இழுத்து ரோட்டில் நிறுத்தினேன். செருப்பு ஒன்று வண்டிக்குள்ளேயே விழுந்தது.

டீ குடித்துவிட்டு வந்தவர்கள் முன்சீட்டைப் பார்த்தார்கள். பிறகு எங்களைப் பார்த்தார்கள்.

"பாப்பா வரலியா?" என்றார் கோவிந்தன்.

"வராது."

அவர் ஏதோ மறந்ததை எடுப்பவர்போலக் குனிந்து, எண்ணெய் டின்னை வெளியே எடுத்து ரோட்டோரம் வைத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் அரிசி மூட்டையை இறக்கினார். ஒருத்தி கைப்பையை எடுத்துக்கொண்டாள். ரத்தினம்மாள் தவிட்டு மூட்டையைத் தானே இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் வண்டி காலி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் நான் இவர்களை முட்டாள்கள் என்று நினைத்திருந்தேன். முட்டாள்கள் இல்லை. தெரிந்தேதான் ஏறியிருக்கிறார்கள்.

"இன்னா, எல்லாரும் எறங்கிட்டீங்க?" என்றேன். "நல்ல டிரைவராச்சே. பாத்து ஓட்டுவாராச்சே. ஏறுங்க!"

யாரும் அசையவில்லை.

"அவ இருந்தா ஏறுவீங்க. இல்லன்னா எறங்கிடுவீங்க. அப்ப அவரு குடிச்சிகினுதான் ஓட்டுறாருன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு கொழந்த ஒக்காந்து உங்க எல்லாரையும் காப்பாத்தணும். அதான? வெக்கமா இல்ல?"

"இன்னாமா கத்துற?" ரத்தினம்மாள் முன்னால் வந்தாள். "பஸ்ஸு இன்னைக்கி வருமா வராதான்னு உனக்குத் தெரியுமா? வந்தா ஏற எடம் கெடைக்குமா? கீழ ரூம்பு எடுத்துகினு குந்திகினு நீ பேசுவ. எங்களுக்கு வூடு மேலதான் கீது. எதுல வருதோ அதுலதான் போவணும்."

அதில் பொய் இல்லை. இருந்தாலும் சொன்னேன்: "அதுக்கு எந் தங்கச்சிதான் கெடச்சாளா?"

ஏசுராஜ் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். இறங்கிக் கிடந்த மூட்டைகளைப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும், யாரிடம் கேட்க வேண்டுமென்று.

"பாப்பா," என்றார். "ஏறுமா."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். அதட்டல் இல்லை. கெஞ்சல். அடித்திருந்தால் நானும் சின்ன வயதிலேயே வெறுக்கக் கற்றுக்கொண்டிருப்பேன். கெஞ்சுகிற அப்பாவை எந்தக் குழந்தையால் விட்டுவிட முடியும்?

"அக்கா வுடமாட்டேங்கறாப்பா," என்று அழுதாள்.

"அவ கெடக்கறா. நீ வந்தாதான் அப்பா ஓட்டுவேன்."

"ஏறிடு பாப்பா," என்றாள் ரத்தினம்மாள். இப்போது அவள் குரலும் தேனாக இருந்தது. "நேரமாவுது பாரு. மாடு கத்திகினு கெடக்கும்."

"ஆமா பாப்பா, ஜல்தியா ஏறு," என்றார் கோவிந்தன். டின்னின் கைப்பிடியை மறுபடி பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வளர்ந்த இத்தனை பேர், பத்து வயதுப் பிள்ளையிடம், எங்களை வீட்டில் கொண்டுபோய் விடு என்று கெஞ்சினார்கள். ரெபேக்கா என் பிடிக்குள் அவர்கள் பக்கம் சாய்ந்தாள். நான் கொஞ்சம் தளர்ந்திருந்தால் ஏறியிருப்பாள். ஏறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடப்பக்கம்" என்று ஆரம்பித்திருப்பாள்.

ஏசுராஜ் சீட்டில் ஏறி உட்கார்ந்து கையை வைத்துத் தடவினார்.

"சாவி எங்க?"

விரித்துக் காட்டினேன். கடித்த இடத்தில் ரத்தம் கசிந்து சாவியில் பட்டிருந்தது.

"குடு மெர்சி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"குடுடி!" இறங்கி வந்து கையை ஓங்கினார்.

"அடி. கழுவுன காலு இன்னும் காயல. அதுக்குள்ள கைய ஓங்குற. அடி!"

அவர் அடிக்கவில்லை. கையைப் பிடுங்க வந்தார். நான் ரோட்டின் விளிம்புக்குப் போய், எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் சாவியைப் பள்ளத்துக்குள் வீசினேன். உண்ணிச்செடிப் புதருக்குள் எங்கோ விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

பிறகு கேட்டதெல்லாம் எனக்கு விழுந்த வசவுதான். குழந்தை இல்லாத வண்டியில் ஏறமாட்டேன் என்று இறங்கி நின்றவர்கள், வண்டி ஓடாது என்று ஆனதும் என்மேல் பாய்ந்தார்கள்.

"பேமானி! எங்க வயித்துல அடிச்சிட்டியேடி!"

"இந்தத் திமுருலதான் எவனும் கட்டிக்கல."

"படிச்ச நாயி."

கோவிந்தன் போனை எடுத்து இன்னொரு ஜீப்காரரைக் கூப்பிட்டார். உடனே கிடைத்துவிட்டது. கீழேயிருந்து வந்துகொண்டிருக்கிறதாம், ஏற்றிக்கொள்வாராம். இத்தனை வருடத்தில் அந்த போனை இதற்குமுன் எடுத்திருக்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னேன்.

ஏசுராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புதருக்குள் இறங்கினார். தவழ்ந்து, வேரைப் பிடித்து, மண்ணைத் தடவினார். "என் பொழப்ப கெடுத்துட்டாளே," என்று புதரிடம் சொல்லி அழுதார். இப்போது ரெபேக்கா திமிறிய திமிறலில் நான் கிட்டத்தட்ட விழுந்தேன்.

"அப்பா, கீழ போவாதப்பா! வழுக்கும்! நான் தேடிக் குடுக்கறேன்! எடப்பக்கம் கால வைக்காத! எடப்பக்கம் பள்ளம்ப்பா!"

அங்கேயும் அவள் அவருக்கு வழி சொன்னாள்.

டீக்கடைக்காரர் இறங்கிப் போய் அவரைச் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துவந்து பெஞ்சில் உட்காரவைத்தார். நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. பாட்டிலைக் கொடுத்ததும் அதே கைதான். அந்த நேரம் மேலேயிருந்து திருப்பத்தூர் பஸ் இறங்கி வந்தது. கையைக் காட்டினேன். ரெபேக்காவைத் தூக்கி உள்ளே தள்ளி நானும் ஏறினேன். ஒற்றைச் செருப்போடு, ஜன்னல் வழியாகக் கடை மறையும்வரை கத்தினாள். ஏசுராஜ் திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

பக்கத்தில் உட்கார் என்றேன். உட்காரவில்லை.

"உங்கூட பேசமாட்டேன். எப்பவுமே."

"பேசாத."

"அம்மாகிட்ட சொல்லுவேன்."

"சொல்லு. நானும் சொல்லணும்."

எழுந்து முன்னால் போனாள். டிரைவருக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். கூப்பிட்டேன், வரவில்லை. மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். முதல் வளைவு வந்தது. அவள் உதடு அசைந்தது.

"வலப்பக்கம்... ஹாரன்..."

ஏறும்போது இடமாக இருந்ததெல்லாம் இறங்கும்போது வலம். அதைக்கூடச் சரியாக மாற்றிச் சொன்னாள்.

டிரைவர் பெரிய மீசைக்காரர். கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா பாப்பா, பாட்டா? கால்ல செருப்பு ஒண்ணுதான் கீது. உள்ள போயி ஒக்காரு, திரும்பும்போது வுழுந்துடுவ. ரோட்ட நான் பாத்துக்கறேன்."

ரெபேக்கா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"எங்கப்பாவும் அப்டித்தான் சொல்லுவாரு."

டிரைவரின் சிரிப்பு நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மறுபடி ரோட்டைப் பார்த்தார். தடுப்புச்சுவர் இடிந்த வளைவு வந்துகொண்டிருந்தது.

"எடப்பக்கம்," என்றாள் ரெபேக்கா.

அவர் ஹாரனை அழுத்தினார். அடிவாரம் வரும்வரை அவள் உட்காரவில்லை.